ஜாவா காப்பித் தோட்டத்தில் பிறந்தவரின் போர் விமானம்: பால்மரமும் விளக்கெண்ணெயும் சொல்லும் கதை

விடியற்காலைப் பிரட்டு முடிந்து, உளியும் வாளியுமாக நிரைக்குச் சென்று மரம் சீவி, மங்கில் சேர்ந்த பாலை ஆலையில் நிறுத்துக் கொடுத்ததோடு நம் முன்னோரின் அன்றைய வேலை முடிந்தது. உறைய வைத்து, தகடாக்கி, புகைவீட்டில் காய்ந்த அந்த ரப்பர் பின்னர் எங்கே போனது என்பதை அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

அது போன இடங்களில் ஒன்று, ஆகாய விமானம். முதல் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மனி உருவாக்கிய முதல் போர் விமானத்தின் அமைப்பைப் பார்த்தால், நெகிரி செம்பிலான் போன்ற இடங்களில் சீவிய பாலின் மதிப்பு தெளிவாகப் புரியும்.

தோட்டக்காரரின் மகன்

அந்த விமானத்தின் பெயர் ஃபோக்கர் எம்.5. அதை உருவாக்கிய அந்தோனி ஃபோக்கர் ஒரு டச்சுக்காரர். 1890-ஆம் ஆண்டு ஜாவாவில் பிறந்தவர். அவருடைய தந்தை அங்கே காப்பித் தோட்டம் வைத்திருந்தார். ஃபோக்கர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் ஹாலந்துக்குத் திரும்பிவிட்டது.

ஜாவாவில் மட்டுமல்ல, மலாயாவிலும் அப்போது காப்பிதான் முக்கியத் தோட்டப் பயிர். பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை சரிந்த பிறகே, இங்குள்ள துரைமார்கள் காப்பியைக் கைவிட்டு ரப்பருக்கு மாறினார்கள். சிரம்பான், ரந்தாவ், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாக ஆள் சேர்த்ததும் இந்த மாற்றத்தோடு பெருகியது.

இளைஞரான ஃபோக்கர் ஜெர்மனிக்குச் சென்று, ஷ்வெரின் நகரில் விமானப் பட்டறை அமைத்தார். அங்கேதான் எம்.5 உருவானது.

எப்படி அமைந்திருந்தது?

பிரெஞ்சுக்காரர்களின் மொரான்-சோல்னியே விமானத்தைப் பார்த்துத்தான் எம்.5 வடிவமைக்கப்பட்டது. ஃபோக்கரின் பொறியியலாளர் மார்ட்டின் குரோய்ட்சர் அதில் முக்கியமான ஒரு மாற்றம் செய்தார். பிரெஞ்சு விமானத்தின் உடல் மரச்சட்டம். எம்.5-இன் உடலோ பற்றவைத்த எஃகுக் குழாய்களால் ஆனது. அதன் மேல் துணி போர்த்தப்பட்டது. இறக்கை ஒற்றை அடுக்கு. விமானம் பக்கவாட்டில் சாய வேண்டுமென்றால், விமானி கம்பிகளை இழுத்து இறக்கையையே முறுக்குவார்.

1914-இல் பறந்தபோது அதில் துப்பாக்கி இல்லை. எதிரியின் நடமாட்டத்தை வேவு பார்ப்பதே அன்றைய விமானங்களின் வேலை. 1915 ஏப்ரலில் பிரெஞ்சு விமானி ரோலண்ட் கேரோஸ் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். முன்பக்க விசிறியின் ஊடாகச் சுடும் துப்பாக்கி அவருடைய விமானத்தில் இருந்தது. விசிறியில் படும் குண்டுகள் தெறித்துப் போக எஃகுத் தகடு பொருத்தியிருந்தார்கள்.

ஃபோக்கர் பட்டறை அதைவிட நல்ல வழியைக் கையாண்டது. இயந்திரத்தோடு சுழலும் ஒரு சக்கரத்தில் சிறு மேடு இருக்கும். அது ஒரு கம்பியைத் தள்ளி, விசிறியின் தகடு குறுக்கே இல்லாத நொடியில் மட்டும் துப்பாக்கியைச் சுட வைக்கும். இதைப் பொருத்திய மாதிரி விமானங்களில் ஒன்றில் பறந்த குர்ட் வின்ட்கென்ஸ், 1915 ஜூலை 1-ஆம் தேதி பிரெஞ்சு விமானம் ஒன்றை வீழ்த்தினார். அடுத்த சில மாதங்களுக்கு பிரிட்டிஷ், பிரெஞ்சு விமானிகளுக்கு ஃபோக்கர் என்ற பெயரே அச்சமாக இருந்தது.

ரப்பர் எங்கே வந்தது?

அந்தக் காலத்தில் விமானத் தளம் என்பது வெறும் புல்வெளிதான். இறங்கும்போது சக்கரம் குழியில் விழும், மேட்டில் மோதும். அந்த அதிர்ச்சி அப்படியே உடலுக்குப் போனால் சட்டம் முறிந்துவிடும்.

இதற்கு அன்று பரவலாகக் கையாண்ட வழி ஒன்று இருந்தது. சக்கரங்களைத் தாங்கும் அச்சை இறுக்கமாகப் பூட்டாமல், ரப்பர் இழைகளைத் துணிக்குள் பொதிந்து செய்த கயிற்றால் பல சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். இறங்கும் வேகத்தில் கயிறு நீண்டு, அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு, மீண்டும் சுருங்கும். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி, கேரியரில் வாளியைக் கட்டிய தோட்டத்து மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. டயர், டியூப், எரிபொருள் குழாய் எனப் பிற இடங்களிலும் ரப்பர் வேண்டியிருந்தது.

விளக்கெண்ணெயும் சேர்ந்தது

எம்.5-இன் இயந்திரம் இன்னும் விசித்திரமானது. 80 குதிரைத்திறன் கொண்ட அது விசிறியோடு சேர்ந்து தானும் சுழலும். காற்றில் சுழல்வதால் தானே குளிரும். தண்ணீர்த் தொட்டி தேவையில்லை, எடையும் குறைவு. ஆனால் இதில் பெட்ரோலும் எண்ணெயும் ஒரே இடத்தின் வழியாகச் செல்லும். சாதாரண எண்ணெய் பெட்ரோலில் கரைந்துவிடும். எளிதில் கரையாத எண்ணெய் ஆமணக்கெண்ணெய், அதாவது நம் விளக்கெண்ணெய்.

எரியாத எண்ணெய் வெளியே தெறித்து விமானியின் முகத்தில் படியும். அதைச் சுவாசித்தும் விழுங்கியும் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டவர்கள் பலர். வயிறு சுத்தமாக வேண்டும் என்று பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றிய அதே எண்ணெய்தான்! ஆமணக்கு விதையை அன்று அதிகமாக ஏற்றுமதி செய்த நாடு இந்தியா.

ஆக, அந்த ஜெர்மன் விமானத்துக்குத் தேவையான இரண்டு பொருள்கள் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த மலாயாவிலும் இந்தியாவிலும் விளைந்தன. இரண்டுக்கும் உழைத்தவர்கள் நம்மவர்கள்.

கடல் அடைபட்டபோது

போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனிக்குச் செல்லும் கப்பல்களைத் தடுத்தது. ரப்பர் தட்டுப்பாடு கடுமையானது. ஜெர்மானிய லாரிகள் இரும்புச் சக்கரங்களில் ஓடின. போரின் பிற்பகுதியில் ஜெர்மன் விமானங்களின் அச்சில் ரப்பர் கயிற்றுக்குப் பதில் எஃகுச் சுருள்வில் வந்தது. அது எடை கூடியது. ரப்பரைப் போல அதிர்ச்சியை வாங்கவில்லை.

1916-இல் 'டாய்ச்லாந்து' என்ற சரக்கு நீர்மூழ்கிக் கப்பல், முற்றுகைக்குத் தப்பி அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகம் சென்றது. அது திரும்பக் கொண்டு வந்தவை ரப்பர், நிக்கல், ஈயம். ரப்பர் மட்டும் 300 டன்னுக்கு மேல். ரப்பரும் ஈயமும் மலாயாவை வளமாக்கிய அதே இரண்டு பொருள்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஜெர்மன் வேதியியலாளர்கள் செயற்கை ரப்பரும் தயாரித்தார்கள். ஃபிரிட்ஸ் ஹோஃப்மன் 1909-இல் கண்டுபிடித்த முறை அது. போர் முடிவதற்குள் 2,000 டன்னுக்கு மேல் தயாரானது. ஆனால் அது உருவாக வாரக்கணக்கில், சில வகைக்கு மாதக்கணக்கில் ஆகும், குளிரில் இறுகிவிடும். மரத்தில் ஓர் இரவில் ஊறும் பாலுக்கு அது ஈடாகவில்லை. விளக்கெண்ணெய்க்கு மாற்றாக வந்த 'வோல்டோல்' எண்ணெயும் கைகொடுக்கவில்லை. 1918-இல் சுழல் இயந்திரங்கள் நடுவானில் பழுதாகி நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே வேளையில் மலாயாவில், பத்து காஜா தோட்ட முதலாளி சார்லஸ் அல்மா பேக்கர் பிரிட்டனுக்கு விமானங்கள் வாங்கித் தர நிதி திரட்டினார். அவை மலாயாவின் பெயரைத் தாங்கிப் பறந்தன.

பெயர் இல்லாதவர்கள்

ஃபோக்கர், குரோய்ட்சர், வின்ட்கென்ஸ், அல்மா பேக்கர் ஆகிய பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. மரம் சீவியவர்களின் பெயர்கள் தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்களில் மட்டுமே இருந்தன. அந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. அந்தத் தோட்டங்களில் பலவும் செம்பனைக் காடாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டன.

ஒரு வல்லரசு, தன் விஞ்ஞானிகள் அனைவரையும் வைத்துக்கொண்டும், மங்கில் வடிந்த பாலுக்கு ஈடு செய்ய முடியாமல் நான்காண்டுகள் திணறியது. லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த தாத்தா பாட்டி இன்னும் இருக்கும் குடும்பங்கள், எந்தத் தோட்டம், எந்த நிரை, எத்தனை மரம் என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். இந்த விமானக் கதையில் விடுபட்டுப் போன பக்கம் அதுதான்.