உங்களுக்குத் தெரியுமா? – கரிசல் காட்டு டிராக்டரும் டைனமோவும்

புரட்டாசிக் கடைசியில் நல்ல மழை ஒன்று விழுந்துவிட்டால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் எல்லாக் காட்டுக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் வேண்டும். கரிசலில் பதம் நாலைந்து நாள்தான் நிற்கும். அந்த நேரம் பார்த்துப் பழைய வண்டி ‘செல்ஃப் எடுக்கலை’ என்று படுத்துக்கொண்டால், பழி முதலில் பாட்டரி மேல், அடுத்து டைனமோ மேல். கோளாறோ பெரும்பாலும் அதைவிடச் சில்லறையான இடத்தில் இருக்கும்.

● பழைய டீசல் டிராக்டர் ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால், ஓடுவதற்குக் கரண்டே தேவையில்லை. டீசல் பம்ப்பை இன்ஜினே சுழற்றிக்கொள்கிறது. நிறுத்துவதும் டீசலை அடைக்கும் கம்பியை இழுத்துத்தான். அதனால் சார்ஜ் நின்று நாலு நாள் ஆனாலும் உழவு பாட்டுக்கு நடக்கும். ஒருநாள் காலையில் செல்ஃப் போடும்போதுதான் குட்டு உடையும். ஈரக் கரிசலில் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை.

● செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர் இழுத்து 5 நொடி சுற்றினாலும், பாட்டரியில் குறைவது அரை ஆம்பியர்-மணிகூட இல்லை. 10 ஆம்பியர் சார்ஜ் ஏறினால் ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் ஈடாகிவிடும். அந்தச் சின்னக் கடன் தினமும் அடையாமல் சேருவதைத்தான் ‘பாட்டரி இறங்கிப்போச்சு’ என்கிறோம்.

● இந்தியாவில் தயாரான முதல் டிராக்டர், 1959 ஏப்ரல் 24 அன்று பரிதாபாத்தில் வெளிவந்த ஐச்சர். அடுத்த ஆண்டு சென்னையில் டாஃபே தொடங்கியது. அதன் மாஸி பெர்குசன் வண்டிகள் தெற்கத்திக் காடுகளுக்கும் வந்தன. அந்தத் தலைமுறை டிராக்டர்களில் பெரும்பாலும் டைனமோதான். அது மெதுவாகச் சுற்றினால் சார்ஜ் கொடுக்காது. வண்டியை வெறும் ஐடிலில் அரை மணி நேரம் உறுமவிட்டுப் பாட்டரி ஏறும் என்று காத்திருப்பது டீசலுக்குத்தான் செலவு.

● ஆம்பியர் மீட்டரின் முள், ஸ்டார்ட் ஆனதும் பிளஸ் பக்கம் நன்றாகச் சாய்ந்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் நடுவுக்குத் திரும்பினால் பயப்பட வேண்டாம். பாட்டரி நிறைந்துவிட்டது, ரெகுலேட்டர் சார்ஜைக் குறைக்கிறது என்று பொருள். லைட்டைப் போட்டு ரேஸ் கொடுத்த பிறகும் முள் மைனஸிலேயே கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

● முதலில் பார்க்க வேண்டியது பேன் பெல்ட். இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம், முக்கால் அங்குலம் இறங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் பெல்ட் வழுக்கும். இறுக்கிக் கட்டினாலோ டைனமோவின் பேரிங்கும் புஷ்ஷும் தேயும்.

● ஆயுத பூஜைக்குப் பளபளவென்று பெயிண்ட் அடித்த மறுநாளிலிருந்து சார்ஜ் ஏறாமல் போவது உண்டு. டைனமோவுக்கு எர்த் கிடைப்பது அதைத் தாங்கும் பிராக்கெட் வழியாக. நடுவில் பெயிண்ட் பூசிவிட்டால் பாதை அடைபடும். போல்ட்டைக் கழற்றி, இரும்பு தெரியச் சுரண்டி மாட்டினால் போதும். ரெகுலேட்டர் பெட்டியின் எர்த் ஒயரும் அப்படித்தான். அது கழன்றால், டைனமோவைப் பாட்டரியோடு இணைக்கும் கட்-அவுட் சேராது. வோல்ட்டுக்கும் கடிவாளம் இருக்காது.

● பாட்டரி டெர்மினலில் பூக்கும் வெள்ளை, பச்சை உப்பும் சார்ஜைத் தடுக்கும். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினால் பொங்கிக் கரைந்துவிடும். சோடாத் தண்ணீர் மூடி வழியே உள்ளே இறங்கக் கூடாது. துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பாட்டரி முதுகில் ஆசிட் ஈரமும் புழுதியும் சேர்ந்து படிந்திருந்தால், நிறுத்தி வைத்த வண்டியிலேயே கரண்ட் கசிந்துகொண்டிருக்கும்.

● டைனமோ நல்லதா கெட்டதா என்பதைக் கழற்றாமலே பார்க்கலாம். பழைய லூகாஸ் வகை டைனமோவின் பின்புறம் இரண்டு முனைகள்: பெரியது ‘டி’, சிறியது ‘எஃப்’. இன்ஜின் நின்றிருக்கும்போது இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணையுங்கள். வோல்ட் மீட்டரின் ஒரு முனையை அந்தக் கம்பியிலும் மறுமுனையை டைனமோ உடம்பிலும் வையுங்கள். ஸ்டார்ட் செய்து மெல்ல மெல்ல ரேஸ் கூட்டினால் முள் குதிக்காமல் சீராக ஏற வேண்டும். 20 வோல்ட்டை நெருங்கியதும் நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவரை ஏறினால் டைனமோ மேல் குற்றமில்லை, ரெகுலேட்டரையும் ஒயர்களையும் பாருங்கள். முள் அசையவே இல்லை என்றால் கார்பன். 1 வோல்ட்டுக்குள் நின்றால் ஃபீல்டு காயில். 4, 5 வோல்ட்டில் முடங்கினால் ஆர்மேச்சர்.

● கரிசல் மண்ணில் களி அதிகம். களித்துகளின் அளவு 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே. கோடை உழவில் கிளம்பும் அந்தப் புழுதியை, சூடு தணியக் காற்றை உறிஞ்சும் டைனமோ தன் வயிற்றுக்குள்ளும் இழுத்துக்கொள்கிறது. கார்பன் தேய்ந்த பொடியும் எண்ணெய்க் கசிவும் அதோடு சேர்ந்து, கார்பன் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரில் கறுப்பாக அப்பிவிடும். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தாலே பல டைனமோக்கள் பிழைத்துக்கொள்ளும். போகாத கறைக்கு மெல்லிய கண்ணாடித் தாள் போடலாம். எமரித் தாள் கூடாது, அதன் துகள் செம்புக்குள் பதிந்து கார்பனைத் தின்னும். செம்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்கா, செம்பைவிட முக்கால் மில்லிமீட்டர் அளவு தாழ்ந்திருக்க வேண்டும். ஆக்சா பிளேடை மைக்காவின் அகலத்துக்குத் தேய்த்து, அதைக் கொண்டு பள்ளம் எடுப்பது பட்டறைப் பழக்கம். கார்பன் தன் கூட்டுக்குள் தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

● கட்-அவுட் ஒரு வழிக் கதவு. டைனமோவின் வோல்ட் ஏறத்தாழ 13-ஐ எட்டும்போது பாயிண்ட் சேர்ந்து கதவு திறக்கும், இறங்கினால் பிரிந்து சாத்திக்கொள்ளும். அதன் பாயிண்ட் ஒட்டிக்கொண்டால் இன்ஜின் நின்ற பிறகு பாட்டரிக் கரண்ட் டைனமோவுக்குத் திரும்பி ஓடும். முள் மைனஸ் கோடிக்குப் போகும், காயில் சுடும். உடனே பாட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுங்கள்.

● டைனமோ தானே தன் காந்தத்தை வளர்த்துக்கொள்ளும் என்று ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஃபொன் சீமென்ஸ் பெர்லினில் அறிவித்தது 1867 ஜனவரியில். விதை, இரும்பில் மிச்சமிருக்கும் சிறு காந்தம். வண்டி வெகுநாள் சும்மா கிடந்தாலோ, டைனமோ பட்டறைக்குப் போய் வந்தாலோ அந்த மிச்சம் அழிந்துபோகலாம், திசை மாறலாம். இன்ஜினை நிறுத்தி, ‘டி’, ‘எஃப்’ ஒயர்களைக் கழற்றிவிட்டு, எர்த் அல்லாத பாட்டரி முனையிலிருந்து ஒரு ஒயர் எடுத்து ‘எஃப்’பில் இரண்டு மூன்று முறை தொட்டு எடுத்தால் காந்தம் திரும்பிவிடும்.

● 60 வாட் ஹாலஜன் இரண்டு எரிந்தால் 10 ஆம்பியர். அந்தக் காலத்துச் சிறிய டைனமோ ஒன்றின் உச்சமே 11 ஆம்பியர்தான். பின்னால் கலப்பை லைட்டும் பாட்டுப் பெட்டியும் சேர்ந்தால், ராத்திரி உழவு முழுக்கப் பாட்டரி கைக்காசு போட்டு ஓட்டுகிறது. பழுதே இல்லாத வண்டியும் விடியலில் நிற்பது இதனால்தான்.

● டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டுவதானால், பாட்டரியின் எந்த முனை பாடியில் கட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வடிவ வண்டிகளில் பிளஸ் எர்த் உண்டு. மாற்றாமல் இணைத்தால் டயோடு அங்கேயே எரியும்.

● பெல்ட், பாட்டரி டெர்மினல், எர்த், கார்பன் – இந்த நாலுக்கும் ஸ்பேனரும் துணியும் போதும். அதற்குப் பிறகுதான் ரெகுலேட்டர். காயில் கட்டும் கடை கடைசி. ஆவணியிலேயே இந்த வரிசையில் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டால், கார்பன் மாற்ற வேண்டியிருந்தாலும் கோவில்பட்டிக்குப் போய் வாங்கி வர நாள் இருக்கும்.