டர்போ தயங்குகிறதா? மலைப்பாதையில் ஓர் அறிவியல் பாடம்

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் சாலை குறுகலானது. கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்த வண்டி, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இழுக்க வேண்டும். இரண்டு விநாடி தயங்கிவிட்டுத் திடீரெனப் பாய்ந்தால், எதிரே வண்டி வரும் நேரத்தில் அது ஆபத்து. இந்தத் தயக்கத்தை 'டர்போ லேக்' என்பார்கள். மலைப்பள்ளிகளுக்கு ஜீப்பில் சென்றுவரும் ஆசிரியர்கள் பலருக்கும் இது பழக்கமானதுதான்.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் புஷி 1905இல் காப்புரிமை பெற்ற கருத்து இது. என்ஜினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டி எரிக்கலாம். சிறிய என்ஜினிலும் பெரிய திறன் கிடைக்கும். அழுத்தும்போது காற்று சூடாகி விரிவதால், இடையில் இன்டர்கூலர் அதைக் குளிர்விக்கிறது.

தயக்கம் எங்கிருந்து வருகிறது? அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல வேண்டியது. மெதுவாகச் சுழலும் என்ஜினிலிருந்து வரும் புகை மிகக் குறைவு. மிதித்தவுடன் புகை கூடினாலும், சக்கரத்தின் நிலைமம் அதை உடனே வேகமெடுக்க விடாது. ஆகவே ஓரளவு தயக்கம் டர்போவின் இயல்பு; கோளாறு அன்று.

மலையில் இது கூடுதலாகத் தெரியும். கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் சுமார் 79தான். டர்போ வேகமெடுக்கும் வரை என்ஜினுக்குக் கிடைப்பது இந்த மெலிந்த காற்று மட்டுமே. அடிவாரத்தில் நன்றாக ஓடிய வண்டி மேலே சோம்புவதில் வியப்பில்லை. இதற்கு மருந்து ஒர்க்‌ஷாப்பில் இல்லை, கியரில் இருக்கிறது. வளைவுக்குள் நுழையும் முன்பே ஒரு கியர் குறைத்து, சுற்று விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். பல டீசல் வண்டிகளில் 1,500 சுற்றுக்குக் கீழே விழுந்தால்தான் இந்தச் சிக்கல்.

ஆனால் போன மாதம் வரை இழுத்த அதே ஏற்றத்தில், அதே கியரில், அதே பாரத்தோடு இப்போது இழுக்கவில்லை என்றால் அது கோளாறு. நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து வாடகைக்கு அமர்த்தியிருந்த ஜீப்புக்கு இப்படித்தான் ஆனது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்த உடனே டர்போவையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். ஓட்டுநர் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினார். அவர் டர்போவைத் தொடவே இல்லை. முதலில் ஏற்றத்தில் ஓட்டச்சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். மிதிக்கும்போது மட்டும் 'ஸ்ஸ்' என்று சத்தம், பின்னால் கரும்புகை. இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில், கிளாம்ப் இறுக்கிய இடத்துக்கு அடியில் விரிசல் இருந்தது. டர்போ அழுத்திய காற்று வழியிலேயே கசிந்துகொண்டிருந்தது. காற்றை அளக்கும் சென்சாரோ கசிவுக்கு முன்னால் இருக்கிறது. அது சொன்ன கணக்குக்கு எரிபொருள் போனது, காற்று போய்ச் சேரவில்லை. கரும்புகையின் காரணம் அதுவே. ஹோஸை மாற்றியதும் வண்டி சரியானது.

அவர் பின்பற்றிய வரிசை எனக்குப் பிடித்திருந்தது: செலவில்லாத சோதனை முதலில், கழற்ற வேண்டியது கடைசியில். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? ஹோஸ் இணைப்புகளில் புதிதாக எண்ணெய் ஈரம் கசிந்திருக்கிறதா? டர்போவைக் கட்டுப்படுத்தும் மெல்லிய வேக்குவம் குழாய் கழன்றிருக்கிறதா? அது இயக்கும் கம்பி தடையின்றி நகர்கிறதா, கரி படிந்து சிக்குகிறதா? அதன்பின் ஸ்கேனர். அதில் கேட்க வேண்டியவை இரண்டே எண்கள்: என்ஜின் கேட்கும் காற்றழுத்தம், உண்மையில் கிடைக்கும் காற்றழுத்தம். இரண்டும் ஒத்துப்போனால் டர்போ தன் வேலையைச் செய்கிறது. குறையை எரிபொருள் பக்கம் தேட வேண்டும். ஒத்துப்போகாமல், கசிவும் இல்லை, கம்பியும் சரி என்றால்தான், என்ஜின் ஆறிய பிறகு டர்போவின் தண்டை அசைத்துப் பார்க்க வேண்டும். நீலப்புகை வந்தால் மட்டும் அவ்வளவு பொறுக்கக் கூடாது. டர்போவின் சீல் வழியே எண்ணெய் கசிந்து எரியக்கூடும்.

ஒன்பதாம் வகுப்பில் 'பாய்மங்கள்', பத்தாம் வகுப்பில் 'இயக்க விதிகள்' நடத்தும்போது இதைப் பயன்படுத்துகிறேன். இரண்டு காகிதக் காற்றாடிகள் போதும். ஒன்றின் இறக்கை நுனிகளில் களிமண் உருண்டைகள். இரண்டையும் ஒரே மின்விசிறிக்கு முன் பிடித்தால், கனமானது வேகமெடுக்கும் நேரத்தைப் பிள்ளைகளே எண்ணிச் சொல்வார்கள். கொடைக்கானலில் இறுக மூடிய காலிப் பிளாஸ்டிக் பாட்டில் பெரியகுளம் போய்ச் சேர்வதற்குள் ஒடுங்கிவிடும்; அழுத்த வேறுபாட்டுக்கு அதைவிட நல்ல கருவி எங்கள் ஆய்வகத்தில் இல்லை.

பிறகு ஜீப்பின் அறிகுறிகளை மட்டும் கரும்பலகையில் எழுதி, முதலில் எதைச் சோதிப்பீர்கள், ஏன் என்று கேட்பேன். சென்ற முறை ஒரு மாணவி ஏர் ஃபில்டர் என்றாள். ஃபில்டர் அடைத்தாலும் இழுவை குறையும், சரிதான். ஆனால் மிதிக்கும்போது மட்டும் 'ஸ்ஸ்' சத்தம் ஏன் வர வேண்டும் என்று பின்வரிசைப் பையன் மடக்கினான். அன்றைய பாடவேளை முழுவதும் அந்த வாதத்திலேயே போனது.