கண்ணாடியில் தெரிவது யார் முகம்? 'டபுள் கான்ஷியஸ்னஸ்' என்றால் என்ன?

சிகாகோவில் ஒரு பெரிய ஹோட்டல். வெயில் தாங்காமல் மொட்டை மாடி உணவகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் ஐரீன். பக்கத்து டேபிள் பெண் அவளையே உற்றுப் பார்க்கிறாள். ஐரீனுக்குள் பதற்றம்: 'நான் கறுப்பினத்தவள்னு கண்டுபிடிச்சுட்டாளோ?'

தெரிந்துவிட்டால் வெளியே போகச் சொல்வார்கள். ஆனால் ட்விஸ்ட் என்னவென்றால், அந்தப் பெண் க்ளேரும் கறுப்பினத்தவர்தான். ஐரீனின் சிறுவயதுத் தோழி! இருவருக்கும் வெளிர் நிறம் என்பதால் அங்கிருப்பவர்கள் அவர்களை வெள்ளையர்கள் என்றே நினைக்கிறார்கள்.

1929-ல் வெளியான 'பாஸிங்' நாவலில் வரும் காட்சி இது. எழுதியவர் நெல்லா லார்சன்.

அது என்ன டபுள் கான்ஷியஸ்னஸ்?

தமிழில் 'இரட்டைப் பிரக்ஞை' எனலாம். அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ் 1897-ல் ஒரு கட்டுரையிலும், 1903-ல் வெளியான தன் புத்தகத்திலும் இதை விளக்கினார். சிம்பிளாகச் சொன்னால், தன்னைத் தானே பார்க்கும்போதுகூட, தன்னை மட்டமாக நினைக்கும் அடுத்தவரின் கண்ணால் பார்ப்பது. அமெரிக்கர், கறுப்பினத்தவர் என இரண்டு அடையாளங்களும் ஒரே உடம்புக்குள் மோதிக்கொண்டே இருக்கும்.

ஏன் மறைத்தார்கள்?

ஒரு சொட்டு கறுப்பின ரத்தம் இருந்தாலே கறுப்பினத்தவர் என்று கணக்கிட்ட காலம் அது. விர்ஜினியா மாகாணம் 1924-ல் இதை வைத்தே கலப்பு மணத்துக்குத் தடைச் சட்டம் போட்டது. அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1967-ல்தான். எனவே, நிறம் கைகொடுத்த சிலர் வெள்ளையராகவே வாழத் தொடங்கினர். இதற்குப் பெயர்தான் 'பாஸிங்'.

க்ளேர் கொடுத்த விலை

க்ளேரின் கணவன் பணக்கார வெள்ளையன். கறுப்பினத்தவரை அடியோடு வெறுப்பவன். மனைவி யாரென்று அவனுக்குத் தெரியாது. பிறக்கும் குழந்தை கறுப்பாக இருந்துவிடுமோ என்று கர்ப்ப காலம் முழுக்க பயந்தே கிடந்தவள் க்ளேர். இன்னொரு குழந்தையே வேண்டாம் என்று முடிவெடுக்கிறாள். கணவன் தன் இனத்தைக் கேவலமாகப் பேசும்போதும் சிரித்தே ஆக வேண்டும். வசதி எல்லாம் கிடைத்தது. மனம்விட்டுப் பேச ஆள்தான் இல்லை. அதனால்தான் ஆபத்து தெரிந்தும், கறுப்பின மக்கள் வாழும் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குத் திரும்பத் திரும்ப வருகிறாள்.

ஐரீன் மட்டும் தப்பித்தாளா?

நாவலின் முக்கியமான இடமே இதுதான். ஐரீன் ஹார்லெமில் டாக்டரின் மனைவி. தன் மக்களோடுதான் வாழ்கிறாள். ஆனாலும் வசதிப்பட்டால் ஹோட்டலில் வெள்ளைக்காரியாக உட்கார்கிறாள். க்ளேரின் கணவன் இனவெறியைக் கக்கும்போது, தோழி மாட்டிக்கொள்வாளே என்று வாயை மூடிக்கொள்கிறாள். கறுப்பினத்தவர் அடித்துக் கொல்லப்படுவதைப் பற்றி மகன்களிடம் பேசக் கூடாது என்று கணவனைத் தடுக்கிறாள். முகமூடி போட்டவளுக்கு மட்டுமல்ல, போடாதவளுக்கும் மனம் இரண்டாகத்தான் கிடக்கிறது.

முடிவு? (ஸ்பாய்லர் அலர்ட்!)

ஒரு பார்ட்டியில் உண்மை உடைகிறது. ஜன்னல் வழியாக விழுந்து இறக்கிறாள் க்ளேர். தவறி விழுந்தாளா, குதித்தாளா, ஐரீன் தள்ளினாளா? லார்சன் சொல்லவே இல்லை.

2021-ல் இதைக் கறுப்பு-வெள்ளைப் படமாக எடுத்தார் ரெபெக்கா ஹால். அவருடைய தாய்வழித் தாத்தாவும் கறுப்பின வேர்களை மறைத்து வாழ்ந்தவர். தாத்தா மறைத்த கதையைப் பேத்தி திரையில் சொல்லிவிட்டார்.