பேன்சியின் சொந்தம் அறந்தாங்கிச் செம்மண்ணில்

கேக்கின் மேலும் சாலட்டின் மேலும் அலங்காரமாக வைத்து, அப்படியே சாப்பிட்டும் விடுகிற பூ பேன்சி. அதன் முன்னோரான காட்டுப் பேன்சி ஐரோப்பாவின் புல்வெளிகளில் தானாகவே முளைப்பது. ஊதா, மஞ்சள், வெள்ளை மூன்றும் ஒரே பூவில் இருக்கும். ஆன்லைனில் விதைப் பாக்கெட் கிடைப்பதால் சமவெளியில் மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கும் இதன் மேல் ஆசை வந்திருக்கிறது. ஊட்டி என்றால் கவலையே இல்லை. மே மாத மலர்க் கண்காட்சியில் தொட்டி தொட்டியாகப் பூத்து நிற்கும். எங்கள் சமவெளி ஊரான அறந்தாங்கியில்தான் சிரமம். விதை ஒழுங்காக முளைக்க 15 முதல் 20 டிகிரிக்குள் குளிர்ச்சி வேண்டும். இங்கே மார்கழி இரவில்கூட அந்தக் குளிர்ச்சி கிடைப்பது குறைவு. கார்த்திகையில் விதைத்து நிழலில் வைத்துக் காப்பாற்றினால் தைக் கடைசியில் நாலு பூ கிடைக்கலாம். மாசி வெயில் ஏறியதும் செடி துவண்டுவிடும்.

ஆனால் பேன்சியின் சொந்தக்காரச் செடி ஒன்று இந்த மண்ணிலேயே இருக்கிறது. ஓரிதழ் தாமரை. நாட்டு மருந்துக் கடையில் பொடியாகப் பார்த்தவர்கள் அதிகம், உயிரோடு பார்த்தவர்கள் குறைவு. தாமரைக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. வயலட்டும் பேன்சியும் இருக்கிற அதே தாவரக் குடும்பம் இது. 1753-இல் வெளியான தன் நூலில் தாவரவியலாளர் லின்னேயஸ் காட்டுப் பேன்சியையும் இதையும் வயோலா என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்தார். பின்னால் வந்தவர்கள்தான் பிரித்தார்கள்.

மழை விழுந்த சில வாரங்களில் செம்மண் தரிசிலும் கடலைக் கொல்லை ஓரத்திலும் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி நிற்கும். இலை ஒல்லி. பூவைப் பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். நான்கு இதழ்கள் இருப்பதே தெரியாத அளவுக்குச் சிறியவை. ஐந்தாவது மட்டும் விரல் நகம் அளவுக்கு விரிந்து, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். தேன் தேடி வரும் பூச்சி உட்கார அதுதான் திண்ணை. காய் முற்றிக் காய்ந்ததும் மூன்றாகப் பிளக்கும். ஓடு சுருங்கச் சுருங்க உள்ளே இருக்கும் விதைகள் பிதுங்கித் தெறிக்கும். காட்டுப் பேன்சியும் விதையை இப்படித்தான் தெறிக்கவிடுகிறது.

உறவு இன்னொரு வழியிலும் தெரிகிறது. ஐரோப்பாவில் ஃப்ரிட்டிலரி வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் பேன்சி, வயலட் இலைகளைத் தின்று வளர்கின்றன. நம் ஊரில் ஆரஞ்சு இறக்கையில் கறுப்புப் புள்ளியோடு தாழப் பறக்கும் டானி காஸ்டர் வண்ணத்துப்பூச்சி ஓரிதழ் தாமரையில் முட்டையிடுகிறது. அந்த வண்ணத்துப்பூச்சிகளும் ஒன்றுக்கொன்று சொந்தம்தான். அதனால் செடியில் முள்முள்ளாகப் புழுவைப் பார்த்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள்.

இந்தச் செடி வேரோடு மருந்தாகிறது. அதனால் வேரோடு பிடுங்குகிறார்கள். விதை தெறிக்கும் முன் பிடுங்கிவிட்டால் அடுத்த மழைக்கு அந்த இடத்தில் என்ன முளைக்கும்? வயலில் தப்பியதைக் களைக்கொல்லி முடித்துவிடுகிறது. வீட்டுக் கொல்லையில் ஒரு முழம் இடமாவது இதற்கு ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். காய் பச்சை மாறி வெளிறும்போதே கிள்ளிக் காகிதக் கவரில் போட்டு வாயை மடித்து வையுங்கள். உள்ளேயே வெடித்து விதை சேர்ந்துவிடும். பொடி விதை என்பதால் மணலோடு கலந்து, புரட்டாசிக் கடைசியில் தூவுங்கள். விதை மறையும் அளவு மண் போதும். தண்ணீரைப் பூவாளியால்தான் விட வேண்டும், குடத்தால் ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போய்விடும். எல்லாம் ஒரே நேரத்தில் முளைக்காது. பொறுமையிழந்து கிளறிவிட்டால் பிறகு முளைப்பதும் போய்விடும்.

இதைச் சாப்பாட்டுத் தட்டில் போடலாமா என்றால், வேண்டாம். சித்த மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் எடுக்க வேண்டிய செடி இது.

தட்டுக்கு நீலம் வேண்டுமானால் சங்குப்பூ இருக்கிறது. வெயில் இதற்குப் பொருட்டே இல்லை. விதைத் தோல் மட்டும் கெட்டி. உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து இரவு முழுக்க ஊறவைத்தால், காலையில் சில விதைகள் உப்பியிருக்கும். அவற்றை நடுங்கள். உப்பாததை மறுபடி தேய்த்து ஊறப்போடுங்கள். பயறு வகைக் கொடி என்பதால் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். யூரியா போட்டால் இலைதான் மண்டும். சுமார் இரண்டு மாதத்தில் பூ வந்துவிடும். பச்சைக் காம்புப் பகுதியைக் கிள்ளிவிட்டு, இதழை மட்டும் வெந்நீரில் போட்டால் கருநீலம் இறங்கும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் அது ஊதாவாக மாறும். பேன்சிக்கு ஊதா தருகிற ஆந்தோசயனின் வகை நிறமிகள்தான் இதிலும் இருக்கின்றன. மலேசியாவின் கிளந்தானில் நாசி கெராபு சோற்றுக்கு நீலம் தருவது இந்தப் பூதான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021-இல் இதன் சாற்றை உணவு நிறமாக அனுமதித்தது. ஆனால் விதையும் வேரும் பேதியாக்கும், வாயில் வைக்கக்கூடாது. கர்ப்பிணிகள் பூவையும் தவிர்ப்பது நல்லது.

விதையிலிருந்தே தொடங்குங்கள் என்று வற்புறுத்தக் காரணம் உண்டு. பக்கத்தில் கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் மல்லிகையும் முல்லையும் சம்பங்கியும் குவிகின்றன. அவையெல்லாம் தலைக்கும் சாமிக்கும் உரிய பூக்கள். பொதுவாக மல்லிகைத் தோட்டத்தில் மொட்டுப்புழுவுக்கு மருந்தடிக்காமல் முடியாது, அதனால் கடைப்பூவைச் சாப்பிடும் பேச்சே கூடாது. நர்சரியில் பூத்து நிற்கும் தொட்டிச் செடிக்கும் என்ன அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. நம் கையால் விதைத்து, நாமே தண்ணீர் விட்ட கொடியென்றால் சந்தேகம் இல்லை.

கொடி ஏற்றும் இடத்தையும் பாருங்கள். அரளி வேலியில் ஏற்றினால் பறிக்கும்போது அரளி இலையும் பூவும் கையோடு வந்துவிடும். அரளி முழுக்க விஷம். அழகான செங்காந்தளும் அப்படித்தான். முருங்கையடியிலோ வேப்பமரத்தடியிலோ நட்டால், மேலேயிருந்து விழுவதும் சமைக்கக்கூடிய பூவாகத்தான் இருக்கும்.