வாயில்லா ஜீவன்களுக்காகப் பேசுவோரின் பொறுப்பு

வாயில்லா ஜீவன்களுக்காகக் குரல் கொடுப்பது அறம் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால், அக்குரல் எவ்வழியில், எவரை நோக்கி எழுப்பப்படுகின்றது என்பது தனியாக ஆராயப்பட வேண்டிய விடயமாகும். நோக்கம் தூயது என்பதற்காக எந்த வழிமுறையும் நியாயமாகிவிடாது. விலங்குரிமை இயக்கத்தின் வரலாறே இதற்குத் தக்க சான்றாகும்.

அவுஸ்திரேலிய மெய்யியலாளரான பீற்றர் சிங்கர் 1975 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'விலங்கு விடுதலை' என்ற நூல் இவ்வியக்கத்திற்குத் தர்க்கரீதியான அடித்தளத்தை வழங்கியது. வேதனையை உணரக்கூடிய உயிர் எதுவாயினும் அதன் வேதனை கணக்கில் எடுக்கப்பட வேண்டும் என்பதே அவரது வாதத்தின் சாரம். அவரது வகுப்பில் பயின்றவர்களுள் ஒருவர் ஹென்றி ஸ்பைரா. கப்பல் தொழிலாளியாகவும் பின்னர் நியூயோர்க்கில் பாடசாலை ஆசிரியராகவும் பணியாற்றிய அவர், தொழிற்சங்க, சிவில் உரிமைப் போராட்டங்களில் பெற்ற அனுபவத்தை இத்துறைக்குக் கொண்டு வந்தார்.

அக்காலத்தில் அழகுசாதனப் பொருட்கள் கண்ணுக்குத் தீங்கானவையா என்பதை அறிய, அவற்றை முயல்களின் கண்களில் இட்டுப் பரிசோதிப்பது வழமையாக இருந்தது. ஸ்பைரா முதலில் ரெவ்லோன் நிறுவனத்துடன் பேச முற்பட்டார். மாற்று முறையொன்றைக் கண்டறியும் ஆய்வுக்கு நிதி ஒதுக்குமாறு கோரினார். அது பயனளிக்காத நிலையிலேயே, 1980 ஏப்ரல் 15 ஆம் திகதி நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் வெளியானது. அவ்வாண்டு முடிவதற்குள் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கு 7 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் வழங்க அந்நிறுவனம் இணங்கியது. 1981 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாற்றுப் பரிசோதனை முறைகளுக்கான நிலையம் உருவானது. விலங்குகளில் பரிசோதிக்கப்பட்ட அழகுசாதனப் பொருட்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் முற்றாகத் தடைசெய்தது. 1998 இல் மறைந்த ஸ்பைரா அதைக் காண உயிரோடிருக்கவில்லை. எதிர்த்தரப்பினால் நிறைவேற்றக்கூடிய ஒன்றை, அதை நிறைவேற்றும் அதிகாரம் உள்ளவரிடமே கேட்டதுதான் அவரது வெற்றியின் இரகசியம்.

இதற்கு நேர்மாறான வழியைப் பிரித்தானியாவில் சிலர் தேர்ந்தனர். மருத்துவ ஆய்வுகளுக்காகக் கினிப்பன்றிகளை வளர்த்த ஸ்டபோர்ட்ஷயர் பண்ணையொன்றுக்கு எதிராக 1999 இல் தொடங்கிய போராட்டம், உரிமையாளர்களையும் ஊழியர்களையும் அயலவர்களையும் அச்சுறுத்தும் அளவுக்குச் சென்றது. 2004 ஒக்டோபரில் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரின் உடல் கல்லறையிலிருந்தே திருடப்பட்டது. அடுத்த ஆண்டு அப்பண்ணை கினிப்பன்றி வளர்ப்பைக் கைவிடுவதாக அறிவித்தது. 2006 இல் நால்வர் சிறை சென்றனர். அவர்களுள் மூவருக்குத் தலா 12 ஆண்டுகள்.

பண்ணை மூடப்பட்டதால் இதுவும் ஒரு வெற்றியே என வாதிடுவோர் உளர். ஆயின் அதன் விலை என்ன? 500 இற்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் விலங்குப் பரிசோதனையை ஆதரித்துக் கையொப்பமிட்டனர். ஆய்வு நிறுவனங்களைப் பாதுகாக்கும் கடுமையான சட்ட ஏற்பாடுகள் 2005 இல் கொண்டுவரப்பட்டன. 2006 இல் ஒக்ஸ்போர்ட் நகரில் பரிசோதனைக்கு ஆதரவாக மக்கள் வீதியில் ஊர்வலம் சென்றனர். விலங்குகளின் வேதனை பற்றிய விவாதம் மறைந்து, மனிதரின் அச்சமே பேசுபொருளாயிற்று.

நமது நாட்டின் அனுபவம் இன்னொரு ஆபத்தை உணர்த்துகின்றது. 2011 செப்டெம்பரில் முன்னேஸ்வரம் காளி கோயிலில் பலியிடப்படவிருந்த ஆடுகளையும் கோழிகளையும் அமைச்சர் ஒருவர் தமது ஆதரவாளர்களுடன் சென்று எடுத்துச் சென்றார். 2013 இல் ஹலால் சான்றிதழுக்கு எதிரான பிரசாரத்துடன் மாடறுப்புக்கு எதிரான கோஷமும் சேர்ந்தே ஒலித்தது. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யக் கொள்கையளவில் இணங்கிய அமைச்சரவை, மாட்டிறைச்சி உண்போருக்காக அதனை இறக்குமதி செய்யவும் இணங்கியது. மாட்டின் வேதனைதான் கவலை எனில், அவ்வேதனையை வேறொரு நாட்டுக்கு இடம்மாற்றுவது எவ்வாறு பரிகாரமாகும்? ஒரு சமூகத்தின் வழிபாட்டையும் உணவையும் மட்டும் குறிவைக்கும் ஜீவகாருண்யம், ஜீவகாருண்யமாகாது.

எனினும், அரசியல் இதனைத் தனக்குப் பயன்படுத்தியது என்பதற்காக, விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையை நாம் கண்டும் காணாதிருத்தல் தகாது. புலால் மறுத்தலைத் தனி அதிகாரமாகப் பாடிய மொழி நம்முடையது. அறுக்கும் வேளையிலும் கத்தி கூர்மையாக இருக்கவேண்டும், விலங்கைத் துன்புறுத்தலாகாது என்பது இஸ்லாத்தின் போதனை. லொறிகளில் நெருக்கி அடைத்து, தண்ணீரும் நிழலுமின்றி மாடுகளைக் கொண்டு செல்வதை எந்த மதமும் அனுமதிப்பதில்லை.

பிரித்தானியர் ஆட்சியில் 1907 இல் இயற்றப்பட்ட மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டத்திற்குப் பதிலாகக் காலத்துக்கேற்ற சட்டமொன்று வேண்டும் என நலன்விரும்பிகள் பல ஆண்டுகளாகக் கோரி வந்துள்ளனர். பண்ணை, வீதி, ஆய்வுகூடம், இறைச்சிக்கூடம் ஆகிய எல்லா இடங்களுக்கும், எல்லாச் சமூகத்தவருக்கும் ஒரே அளவுகோலை விதிப்பதாக அது அமைய வேண்டும். அதற்கான குரலில் தமிழரும் முஸ்லிம்களும் முன்னின்று இணைவார்களாயின், விலங்குகளின் பெயரால் மனிதரைப் பிரிக்க முனைவோரின் கையிலிருந்து அந்த ஆயுதம் தானாகவே நழுவிவிடும்.