அலென்ஸ்வொர்த்: நிலம் வாங்கியவர்களுக்கு நீர் மறுக்கப்பட்ட கதை

கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில், டுலேரி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் இருப்புப்பாதையை ஒட்டி அலென்ஸ்வொர்த் என்னும் சிற்றூர் உள்ளது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 531 பேர். அவ்வூருக்கு மேயரோ நகர்மன்றமோ கிடையாது. அமெரிக்கச் சட்டத்தின்படி அது நகராட்சித் தகுதி பெறாத ஊர். சாலை, காவல், நிலப்பயன்பாடு ஆகியவற்றை மாவட்ட நிர்வாகமே முடிவு செய்கிறது. இச்சட்டநிலை எளிய மக்களின் வாழ்வை எவ்வாறு நெரிக்கும் என்பதை அறிய அவ்வூரின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

சுயமரியாதைக்கான ஊர்

ஆலன் அலென்ஸ்வொர்த் 1842இல் கென்டக்கி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போரின்போது தப்பி வடக்குப் படையுடன் சேர்ந்தார். பின்னர் இராணுவத்தில் மதகுருவாகப் பணியாற்றி, 1906இல் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றார். கறுப்பின மக்கள் சொந்த நிலத்தில், தம்மைத் தாமே ஆண்டு வாழ முடியும் என்று மெய்ப்பிக்க விரும்பிய அவர், ஆசிரியர் வில்லியம் பெயினுடனும் வேறு சிலருடனும் சேர்ந்து 1908இல் இவ்வூரை நிறுவினார். சில ஆண்டுகளிலேயே பள்ளி, நூலகம், அஞ்சலகம், தேவாலயம், தனி நீதிச் சரகம் ஆகியவை அமைந்தன. கலிபோர்னியாவில் கறுப்பின மக்களே நிறுவி, முதலீடு செய்து, நிர்வகித்த ஒரே ஊர் இதுவே.

புவியியலும் வஞ்சகமும்

மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே மிகப் பெரிய நன்னீர் ஏரியாக ஒருகாலத்தில் விளங்கியது டுலேரி ஏரி. அதில் கலந்த ஆறுகள் வேளாண்மைக்குத் திருப்பப்பட்டதால் ஏரி வறண்டது. அந்தப் படுகையின் விளிம்பில்தான் அலென்ஸ்வொர்த் இருக்கிறது. மண் உவர்மண், நிலத்தடி நீரின்றிப் பயிர் இல்லை.

நிலத்தை விற்ற நிறுவனம் போதிய பாசன நீர் தருவதாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. மக்கள் போராடி நீர் அமைப்பைத் தம் பொறுப்பில் எடுத்தபோது, கிடைத்தவை பழைய இயந்திரங்களும் வரிக் கடனும்தான். 1914இல் அருகிலுள்ள ஆல்பா ஊருக்குக் கிளைப்பாதை போடப்பட, அலென்ஸ்வொர்த் நிலையத்தின் வணிகம் அங்கே சென்றது. அதே ஆண்டு செப்டம்பரில் மோட்டார் சைக்கிள் மோதி கர்னல் இறந்தார். மறு ஆண்டு, தொழிற்கல்லூரி அமைக்கும் முயற்சியும் மாநிலச் சட்டமன்றத்தில் தோற்றது. நிலத்தடி நீர்மட்டம் தாழத் தாழக் குடும்பங்கள் வெளியேறின. 1966இல் குடிநீரில் ஆர்சனிக் நஞ்சு கண்டறியப்பட்டது.

திட்ட ஆவணத்தின் வன்முறை

1970களின் தொடக்கத்தில் டுலேரி மாவட்டப் பொதுத்திட்டம், நகராட்சித் தகுதியற்ற சிற்றூர்கள் பலவற்றை எதிர்காலமற்றவை என வகைப்படுத்தியது. குடிநீர், கழிவுநீர் வசதிகளைத் தராமல் விட்டால் மக்கள் தாமாகவே வெளியேறி, அவ்வூர்கள் இயல்பாகத் தேய்ந்துவிடும் என்பது அதன் கணக்கு. அரசு கைவிடுவதால் நேரும் அழிவுக்கு அது சூட்டிய பெயர் 'இயல்பு'.

1974இல் மாநில அரசு பழைய ஊர்ப்பகுதியை வாங்கி வரலாற்றுப் பூங்காவாக்கத் தொடங்கியது. இன்று அருகில் வாழ்வோரில் பெரும்பான்மையினர் லத்தீன் அமெரிக்க வழிவந்த குடும்பத்தினர். நினைவுச்சின்னத்துக்குக் கிடைத்த கவனம் உயிரோடிருப்போரின் குழாய்நீருக்குக் கிடைக்கவில்லை. பாதுகாப்பான நீர் ஒவ்வொருவரின் உரிமை என 2012இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. ஆனால் அச்சட்டம், கொள்கை வகுக்கும்போது இவ்வுரிமையைக் கருத்தில் கொள்ளுமாறு மட்டுமே அரசுத் துறைகளைப் பணிக்கிறது. 2023இல் பெருவெள்ளம் நெருங்கியபோது ஊர்மக்களே மணல்மூட்டைகளை அடுக்க வேண்டியிருந்தது.

1927இல் மகாத் குளத்து நீருக்காகப் போராடிய அண்ணல் அம்பேத்கர், 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டார். ஒடுக்கப்பட்டோரின் போராட்டங்கள் ஒன்றையொன்று கற்க வேண்டும் என்பதே அதன் பொருள். அலென்ஸ்வொர்த் தரும் பாடம் இது: பட்டா கையிலிருந்தாலும், நீரையும் திட்டத்தையும் தீர்மானிக்கும் அவையில் இடமில்லையென்றால் அந்த நிலத்தில் நிலைத்து வாழ முடியாது. நில உரிமை கோரும் ஒவ்வொரு மனுவிலும் இவ்விரண்டும் சேர்ந்தே இடம்பெற வேண்டும்.