மூன்று பட்டைச் சிலுவார்
தமிழ்ப்பள்ளியில் கருநீலச் சிலுவார். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் பச்சை. காக்கிக்கும் பாசிக்கும் இடைப்பட்ட ஒரு பச்சை. புகுமுக வகுப்பில் எனக்கு வந்தது அண்ணனுடையது. அண்ணன் ஆள் பெரியவர். அம்மா இடுப்பைப் பிடித்துத் தைத்து, காலில் மூன்று மடிப்பு வைத்தார். "வளர்ற பிள்ளைதானே, போடு!"

வளர்ந்தேன். ஆண்டுக்கொரு மடிப்பைப் பிரிக்கப் பிரிக்க, வெளுக்காத கரும்பச்சைப் பட்டை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மூன்றாம் படிவத்தில் மூன்று பட்டை. "சார்ஜன்!" என்று நண்பர்கள் சல்யூட் அடிப்பார்கள். நானும் சிரிப்பேன்; சிரித்துக்கொண்டே காலை மேசைக்கடியில் இழுத்துக்கொள்வேன். வீட்டில் சொன்னதில்லை. அப்பாவின் சம்பளம் எத்தனை வெள்ளி என்பது எனக்குத் தெரியும்.

நான்காம் படிவத்தில் புதுச் சிலுவார் கிடைத்தது. பழையதை அம்மா தூக்கிப் போடவில்லை. தையல் இயந்திரத்தின் அருகே தம்பி நின்றுகொண்டிருந்தான்.